உங்கள் கடையின் பெயர் யார் கையில்?

புதுச்சேரியின் தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்தில் படகு அணைந்து, ஐஸோடு மீனை அள்ளித் தரையில் கொட்டும்போது ஏலம் கேட்க நிறையப் பேர் சூழ்ந்து நிற்பார்கள். ஆனால் எந்த ஏலக்காரர் வழியாக விற்பது என்பதைப் படகுக்காரர் அன்று காலையில் தீர்மானிப்பதில்லை. சோழமண்டலக் கரை நெடுக இருக்கிற பழைய ஏற்பாடு இது. எஞ்சின் பழுதுக்கோ வலை வாங்கவோ ஒருவரிடம் முன்பணம் வாங்கியிருந்தால், அந்தக் கடன் அடையும்வரை பிடித்த மீன் அவர் வழியாகத்தான் போக வேண்டும். வட்டி என்று பெரும்பாலும் தனியாகக் கேட்க மாட்டார்கள். ஒவ்வொரு ஏலத்திலும் கமிஷன் பிடித்துக்கொள்வார்கள். அவசரத்துக்குக் கொடுத்து உதவினார் என்கிற நன்றியும் உண்மை. பக்கத்தில் வஞ்சிரம் நல்ல விலைக்குப் போவதைப் பார்த்தும் அங்கே போக முடியாமல் நிற்பதும் உண்மை.

சிறிய கடைக்காரர்கள் யாராவது ‘வெப்சைட் ஆரம்பிக்க எது நல்லது?’ என்று கேட்கும்போதெல்லாம் எனக்கு இந்த முன்பணம்தான் நினைவுக்கு வருகிறது. பத்து நிமிடத்தில் கடை திறக்கலாம், முதல் மாதம் இலவசம், கோடு எழுதத் தெரிய வேண்டாம் என்று விளம்பரங்கள் அழைக்கின்றன. அவை சொல்வது பொய் கிடையாது, உண்மையிலேயே பத்து நிமிடத்தில் திறக்கலாம். வெளியே வர எத்தனை நாளாகும், வரும்போது எதையெல்லாம் கையில் எடுத்துக்கொண்டு வரலாம் என்பதை மட்டும் எந்த விளம்பரமும் சொல்வதில்லை. நாம்தான் கேட்க வேண்டும்.

என் சித்தி மகள் தேங்காய்த்திட்டில் வீட்டிலேயே கருவாடும் இறால் தொக்கும் போட்டு விற்கிறாள். கொரோனா காலத்தில் வாட்ஸ்அப்பில் தொடங்கிய வியாபாரம். கொஞ்சம் சூடு பிடித்ததும் ஒருவர் வந்து மொத்தமாகப் பணம் வாங்கிக்கொண்டு அழகான வெப்சைட் செய்து கொடுத்தார். இரண்டு வருடம் நன்றாக ஓடியது. பொட்டலத்தில் ஒட்டும் லேபிளில் அந்த முகவரியை அச்சடித்தாள். மூன்றாம் வருடம் ஒரு நாள் தட்டிப் பார்த்தால் அந்த முகவரியில் சம்பந்தமே இல்லாத ஏதோ விளம்பரப் பக்கம். புதுப்பிக்க வேண்டிய தேதி தாண்டிவிட்டது. புதுப்பிக்கச் சொல்லி வந்த மின்னஞ்சல் எல்லாம் செய்து கொடுத்தவருக்குப் போயிருக்கிறது. அவரோ இந்த வேலையையே விட்டுவிட்டு வேறு ஊருக்குப் போய்விட்டார். டொமைன் பதிவானது அவர் பெயரில், அவர் மின்னஞ்சலில்.

“கடை என்னுது, சரக்கு என்னுது, பேரு மட்டும் அவருதாம்ணா” என்றாள் போனில்.

அவர் ஏமாற்றுக்காரர் என்று நான் நினைக்கவில்லை. வேலையைச் சீக்கிரம் முடிக்கத் தன் கணக்கிலேயே வாங்கிவிட்டார், அவ்வளவுதான். ஆனால் அச்சடித்த லேபிள்கள் அப்படியே வீணாயின. அதைவிடப் பெரிய நஷ்டம், பழைய பொட்டலத்தைப் பார்த்துத் திரும்ப வாங்க வந்தவர்கள் எத்தனை பேர் என்று அவளுக்குத் தெரியவே வழியில்லாமல் போனது.

அரியாங்குப்பம் ஆற்றுக்கு அந்தப் பக்கம் அரிக்கமேடு இருக்கிறது. 1945-இல் மார்ட்டிமர் வீலர் அங்கே அகழ்ந்தபோது இத்தாலியிலிருந்து வந்த சிவப்பு மெருகுப் பாண்டங்களின் சில்லுகள் கிடைத்தன. அவற்றில் விபியி, காமுரி, இட்டா என்று செய்தவர்களின் முத்திரை. உள்ளூர்ப் பானை ஓடுகளிலும் தமிழ் பிராமியில் ஆட்பெயர்களைக் கீறி வைத்திருக்கிறார்கள். இரண்டாயிரம் வருடத்துக்கு முன்னால் இந்த ஆற்றங்கரையில் சரக்கு கைமாறியபோதும் பெயர் சரக்கோடுதான் போயிருக்கிறது. இன்றைக்கு அந்த முத்திரை டொமைன் பெயர்தான். ஆகவே எந்தத் தளம் என்று யோசிக்கும் முன்பே செய்ய வேண்டிய வேலை, பெயரை உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில், உங்கள் தொலைபேசி எண்ணில் பதிவு செய்வது. டாட் இன் முகவரிக்கு வருடத்துக்குச் சில நூறு ரூபாயிலிருந்து ஆயிரம் வரை ஆகும். முதல் வருடத்துக்கு 99 ரூபாய் என்று போட்டிருந்தால் இரண்டாம் வருட விலையைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். ஒரே தடவையில் பத்து வருடம் வரை கட்டி வைக்கவும் முடியும். பெயரை ஓரிடத்திலும் வெப்சைட்டை வேறிடத்திலும் வைத்துக்கொள்வது நல்லது. தளம் பிடிக்காமல் போனால் பெயரை அப்படியே புதுத் தளத்தின் பக்கம் திருப்பிவிடலாம். வாடிக்கையாளருக்கு எதுவும் மாறியதாகவே தெரியாது.

இலவசமாக வந்தது, அறிவிப்போடு போனது

கூகுள் 2017-இல் சிறு கடைகளுக்கு இலவச வெப்சைட் கொடுத்தது. மேப்பில் கடையைப் பதிந்தால் போதும். ஒரு பொத்தானை அழுத்தினால் ‘பிசினஸ் டாட் சைட்’ என்று முடியும் முகவரியில் பக்கம் தயார். மெஸ், டெய்லர் கடை, டூ வீலர் மெக்கானிக் என்று எத்தனையோ பேர் அதையே போர்டில் எழுதினார்கள், பில் புத்தகத்தில் அச்சடித்தார்கள். 2024 மார்ச்சில் கூகுள் அத்தனை பக்கங்களையும் மூடியது. ஜூன் 10 வரை பழைய முகவரிக்கு வந்தவர்களை மேப் பதிவுக்குத் திருப்பிவிட்டது. அதற்குப் பிறகு அதுவும் இல்லை. அந்த முகவரி கூகுளுடையது என்பதால் கடைக்காரர் அதை வேறு எங்கும் எடுத்துப் போக முடியவில்லை.

அதற்கும் முன்னால், 2020 ஜூன் 29 அன்று டிக்டாக் உள்ளிட்ட 59 செயலிகள் இந்தியாவில் தடை செய்யப்பட்டன. அதில் ஆள் சேர்த்து வியாபாரம் வளர்த்தவர்கள் ஒரே இரவில் கூட்டத்தை இழந்தார்கள். தடை சரியா தவறா என்பது வேறு பேச்சு. 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றும் ஒன்றாக விழுந்து கிட்டத்தட்ட ஆறு மணி நேரம் எழவில்லை. அந்த ஆறு மணி நேரம், வாட்ஸ்அப்பை மட்டும் நம்பிய கடைகளுக்கு வாடிக்கையாளரின் எண் கூடக் கைக்கு எட்டவில்லை.

தமிழர்களாகிய நமக்கு இந்தச் சங்கடம் புதிதில்லை. யூனிகோடுக்கு முந்திய காலத்தில் ஆளுக்கொரு எழுத்துரு வைத்திருந்தோம். பாமினியில் ஒருவர், டாம் குறியேற்றத்தில் ஒருவர், திஸ்கியில் ஒருவர். பத்திரிகைகளின் இணையதளங்களுக்குத் தனித்தனி எழுத்துரு. ஒன்றில் தட்டச்சு செய்ததை இன்னொன்றில் திறந்தால் ஏதோ கிறுக்கலாக வரும். 1999-இல் சென்னையில் மாநாடு கூட்டி விசைப்பலகையும் குறியேற்றமும் தரப்படுத்தியும், தமிழ்நாடு அரசு யூனிகோடை ஏற்க 2010 ஆகிவிட்டது. அந்த இடைக்காலத்தில் எழுதப்பட்ட எத்தனையோ கதைகள், திருமண அழைப்பிதழ்கள், சங்கக் கணக்குகள் இன்று எழுத்துரு மாற்றி கிடைக்காமல் பழைய சிடிகளில் கிடக்கின்றன. எழுதியவர் இருக்கிறார், எழுத்தும் இருக்கிறது, எடுக்கத்தான் வழியில்லை. ஒரு தளத்துக்குள் மட்டுமே உயிரோடு இருக்கக்கூடிய வெப்சைட்டும் அந்த மாதிரிதான்.

எது யாருக்கு

இப்போது தளங்களுக்கு வருவோம். 2004-இல் கனடாவின் ஒட்டாவாவில் டோபி லூட்கே என்பவர் பனிச்சறுக்குப் பலகை விற்க நண்பரோடு சேர்ந்து இணையக் கடை ஆரம்பித்தார். கிடைத்த மென்பொருள் எதுவும் பிடிக்காமல் அவரே எழுதினார். பலகையைவிட மென்பொருள்தான் விற்கும் என்று புரிந்தது. 2006-இல் அது ஷாப்பிஃபை ஆனது. கடைக்காரர் கட்டிய தளம் என்பது அதில் தெரியும். சரக்கு இருப்பு, ஆர்டர், கூரியர் எல்லாம் கச்சிதமாக இருக்கும். ஆனால் மாத வாடகை உண்டு. அவர்களுடைய சொந்தப் பணம் பெறும் வசதி இந்தியாவில் கிடையாது என்பதால் ரேஸர்பே மாதிரி வேறொரு கேட்வேயை இணைக்க வேண்டும். அப்படி இணைத்தால் அடிப்படைத் திட்டத்தில் ஒவ்வொரு விற்பனைக்கும் 2 சதவீதம் ஷாப்பிஃபைக்குத் தனியாகப் போகும். ஆயிரம் ரூபாய்க்கு ஒரு ஆர்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கேட்வே சுமார் 2 சதவீதம், 20 ரூபாய், அதன்மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி, 3 ரூபாய் 60 காசு, ஷாப்பிஃபைக்கு 20. மாத வாடகை இல்லாமலே 43 ரூபாய் 60 காசு. நூற்றுக்கு இருபது லாபம் வைக்கும் கருவாட்டுக்காரருக்கு இது லாபத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல். துறைமுகத்துக் கமிஷனும் இப்படித்தான் சின்ன எண்ணாகக் காதில் விழும்.

விக்ஸ் 2006-இல் இஸ்ரேலில் பிறந்தது. இழுத்து வைத்துப் பக்கம் கட்டுவதில் அதற்கு இணை குறைவு. முடிதிருத்தகம், யோகா வகுப்பு, நாலு அறை உள்ள ஹோம்ஸ்டே போன்றவற்றுக்கு அழகாக அமையும். ஆனால் விக்ஸில் கட்டிய தளம் விக்ஸ் சர்வரில் மட்டுமே ஓடும். அப்படியே எடுத்துப் போய் வேறிடத்தில் வைக்க முடியாது என்று அவர்களே வெளிப்படையாகச் சொல்கிறார்கள். பொருள் பட்டியலையும் தொடர்பு எண்களையும் கோப்பாக இறக்கிக்கொள்ளலாம். பக்கங்களை மறுபடி முதலிலிருந்து கட்ட வேண்டும். ஐந்து பக்கத் தளம் என்றால் ஒரு வாரத்து வேலை, பரவாயில்லை. எட்டு வருடம் எழுதிய சமையல் குறிப்புகள் இருந்தால் யோசிக்க வேண்டும்.

ஜோஹோவைப் பற்றி நம்மூர்ப் பெருமையோடு பேசலாம். 1996-இல் அட்வென்ட்நெட் என்று தொடங்கி 2009-இல் ஜோஹோ என்று பெயர் மாற்றிய நிறுவனம். தென்காசிக்குப் பக்கத்தில் மத்தளம்பாறையிலும் அலுவலகம் வைத்து, கிராமத்துப் பிள்ளைகளைக் கொண்டு மென்பொருள் எழுதும் நிறுவனம். அவர்களுடைய கடை கட்டும் தளம் அவர்களுடைய கணக்குப் புத்தக மென்பொருளோடு பேசும். ஏற்கெனவே அதில் ஜிஎஸ்டி பில் போடுகிறவருக்குப் பெரிய வேலை மிச்சம். ஆனாலும் அதுவும் வாடகை வீடுதான். நம்மூர்க்காரர் வீடு என்பதால் வாடகை ஒப்பந்தத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போட வேண்டாம்.

வேர்ட்பிரஸ் மட்டும் வேறு ஜாதி. 2003 மே 27 அன்று அமெரிக்காவில் 19 வயது மாட் முல்லன்வெக்கும் இங்கிலாந்தில் மைக் லிட்டிலும் சேர்ந்து, கைவிடப்பட்ட ஒரு மென்பொருளைத் தொடர்ந்து வெளியிட்டது அது. யாரும் எடுக்கலாம், மாற்றலாம், எங்கும் வைக்கலாம். இன்று உலகத்து வெப்சைட்டுகளில் பத்துக்கு நான்குக்கு மேல் அதில் ஓடுகின்றன. ஹோஸ்டிங் கம்பெனி பிடிக்கவில்லை என்றால் தளத்தை அப்படியே கட்டி எடுத்துக்கொண்டு அடுத்த கம்பெனிக்குப் போகலாம். சொந்த வீடு. சொந்த வீடு என்றால் ஓட்டை அடைப்பதும் வெள்ளை அடிப்பதும் நம் பாடு. பிளக்இன்களை மாதம் ஒரு தடவையாவது புதுப்பிக்க வேண்டும். விட்டால் யாரோ உள்ளே புகுந்து உங்கள் கருவாட்டுக் கடை முகவரியில் சூதாட்ட விளம்பரம் ஓட்டுவார்கள். எத்தனையோ பள்ளிகளின், கோயில்களின் தளங்கள் அப்படிக் கெட்டிருக்கின்றன. அந்த உலகத்திலும் சண்டை இல்லாமல் இல்லை. 2024 செப்டம்பரில் முல்லன்வெக்குக்கும் டபிள்யூபி எஞ்சின் என்ற பெரிய ஹோஸ்டிங் கம்பெனிக்கும் தகராறு முற்றி, அந்தக் கம்பெனியில் இருந்த கடைகளுக்குச் சில நாட்கள் புதுப்பிப்பு வராமல் நின்றது. ஆனால் அவர்களுக்கு மூட்டை கட்டிக்கொண்டு வேறிடம் போகும் வழி இருந்தது. வேர்ட்பிரஸ் டாட் ஆர்க் என்பது நாமே இறக்கி வைத்துக்கொள்வது. வேர்ட்பிரஸ் டாட் காம் என்பது ஒரு நிறுவனம் நமக்காக நடத்துவது. பெயர் ஒன்றாக இருப்பதால் பலர் குழம்புகிறார்கள்.

என் கருத்தைக் கேட்டால், மாதம் நாற்பது ஆர்டருக்குள் வருகிறவருக்கு இப்போதைக்குச் சொந்த டொமைனில் ஒரே ஒரு பக்கம் போதும். பொருள், விலை, முகவரி, வாட்ஸ்அப் பொத்தான். பணத்துக்கு யுபிஐ. 2020 ஜனவரி முதல் யுபிஐ பரிவர்த்தனைக்கு வணிகரிடம் எம்டிஆர் கட்டணம் வாங்குவதில்லை. கூடை, கூப்பன், புள்ளி எல்லாம் ஆர்டர் பெருகி, கையால் குறித்து வைப்பது தாங்காமல் போகும் நாளில் வாங்கிக்கொள்ளலாம்.

கோட்டக்குப்பம் வெளி மாநிலம், மாஹே உள்ளூர்

புதுச்சேரிக்காரர்களுக்கு மட்டும் ஒரு சிக்கல் இருக்கிறது. வெளியூரில் உட்கார்ந்து தளம் செய்கிறவருக்கு இது தோன்றவே தோன்றாது. தேங்காய்த்திட்டிலிருந்து வண்டி எடுத்தால் கொஞ்ச நேரத்தில் கோட்டக்குப்பம். அது தமிழ்நாடு. வரிக்கு உட்பட்ட சரக்கை அங்கே அனுப்பினால் மாநிலம் விட்டு மாநில விற்பனை, ஐஜிஎஸ்டி. கேரளக் கரையில் இருக்கும் மாஹேவுக்கோ ஆந்திரத்து யானாமுக்கோ அனுப்பினால், வேறு மாநிலங்களைத் தாண்டிப் போனாலும், அது புதுச்சேரிக்குள் விற்றதாகவே கணக்கு. புதுச்சேரியின் ஜிஎஸ்டி குறியீட்டு எண் 34, தமிழ்நாட்டுக்கு 33.

இதில் சிறு வியாபாரிக்கு வலிக்கும் இடம் இதுதான். புதுச்சேரியில் சரக்கு விற்கிறவருக்கு ஆண்டு விற்றுமுதல் 20 லட்சம் வரை ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை. தமிழ்நாட்டில் இது 40 லட்சம். ஆனால் வரிக்குரிய சரக்கை மாநில எல்லை தாண்டி விற்றால் முதல் ரூபாயிலிருந்தே பதிவு கட்டாயம். வெப்சைட் திறந்ததும் முதல் ஆர்டர் கடலூரிலிருந்தோ சென்னையிலிருந்தோதான் வரும். கைவினைப் பொருளுக்குச் சில நிபந்தனைகளோடு விலக்கு உண்டு. வில்லியனூர் சுடுமண் சிற்பக்காரர்களும் திருக்கனூர் காகிதக்கூழ்ப் பொம்மைக்காரர்களும் ஆடிட்டரிடம் அதைக் கேட்டுப் பார்க்க வேண்டும். ஆகவே தளத்தைச் சோதிக்கும்போது மாநிலப் பட்டியலில் புதுச்சேரி தனியாக இருக்கிறதா, வாங்குபவரின் மாநிலத்தைப் பார்த்து வரியைத் தானே பிரிக்கிறதா என்று பாருங்கள். பின்கோடை மட்டும் நம்பும் தளம் இங்கே தவறும். தேங்காய்த்திட்டும் 605-இல்தான் தொடங்குகிறது. தமிழ்நாட்டிலிருக்கும் கோட்டக்குப்பமும் விழுப்புரமும் 605-இல்தான் தொடங்குகின்றன.

2020-ஆம் ஆண்டு மின்வணிக நுகர்வோர் விதிகளின்படி கடையின் முறையான பெயர், முகவரி, புகார் கேட்பவரின் விவரம் தளத்தில் இருக்க வேண்டும். பொட்டலச் சரக்கு என்றால் எடை, அதிகபட்ச விலை போன்ற லேபிள் விவரங்களும் வேண்டும். இதற்கெல்லாம் ஒரு பக்கம் ஒதுக்கினால் போதும்.

மொழிக்கு வருவோம், என் மனசுக்கு நெருக்கமான பகுதி. தளம் தமிழ் காட்டுகிறது என்று சொன்னால் நம்பாதீர்கள். ‘வௌவால் மீன்’ என்று பெரிய எழுத்தில் தலைப்பில் போட்டுப் பாருங்கள். ஔகாரக் குறி பிரிந்து, ‘ள’ தனியாக ஓடிப்போய் நிற்கும் வார்ப்புருக்கள் நிறைய. ஆங்கிலத்துக்கு அழகாக இருக்கட்டும் என்று எழுத்துக்களுக்கிடையே இடைவெளி விட்டிருப்பார்கள். தமிழில் அது கொம்பையும் காலையும் பிய்த்துவிடும். வரி உயரம் போதாமல் ‘கீ’யின் சுழி மேலே வெட்டுப்படும். எழுத்துருவை மாற்ற முடியும் தளமாக இருந்தால் முக்தா மலர், ஹிந்த் மதுரை, கேட்டமரான், நோட்டோ சான்ஸ் தமிழ் எல்லாம் இலவசமாகவே கிடைக்கின்றன. மாற்ற விடாத தளம் நமக்கு வேண்டாம். பக்க முகவரியை மட்டும் ஆங்கில எழுத்தில் வையுங்கள். தமிழில் வைத்து நகலெடுத்து அனுப்பினால் ஒவ்வொரு குறியீடும் சதவீதக் குறியும் எண்ணும் ஆங்கில எழுத்துமாக ஒன்பது எழுத்தாகிவிடும். ‘தேங்காய்த்திட்டு’ என்ற ஒரு சொல் மட்டும் 144 எழுத்து நீளம் வரும். வாட்ஸ்அப்பில் அதைப் பார்த்தால் வைரஸ் என்று பயந்து யாரும் தொட மாட்டார்கள்.

இந்த ஊருக்கு மூன்றாவது மொழியும் உண்டு. 1962-இல் சட்டப்படி இந்தியாவோடு இணைந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்த குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் பிரான்சில் இருக்கிறார்கள். ஊருக்கு வந்து போகும்போது தொக்கும் வடகமும் கட்டிக்கொண்டு போகிறவர்கள். அவர்களில் பலருக்கு யுபிஐ உதவாது. வெளிநாட்டு கார்டை ஏற்கும் கேட்வே வேண்டும். ஒரே பொருளை மூன்று மொழியில் காட்டும் வசதிக்குச் சில தளங்கள் கூடுதல் பணம் கேட்கின்றன. முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும். துறைமுகத்தில் ஐஸ் உடைக்கிற சத்தம் கூடக் குறைந்துவிடும். வெப்சைட் வாடகைக்குத் தடைக்காலம் கிடையாது. வருமானம் பன்னிரண்டு மாதமும் சீராக வருகிறவர்களை நினைத்தே மாத வாடகைத் திட்டங்களைப் போட்டிருக்கிறார்கள். கடலை நம்பியவர், பருவத்துக்குப் பருவம் வேலை பார்ப்பவர், பொங்கலுக்கும் தீபாவளிக்கும் மட்டும் விற்பவர், இவர்களெல்லாம் வருடச் செலவை எடுத்து வியாபாரம் நடக்கும் மாதங்களால் வகுத்துப் பார்க்க வேண்டும்.

சித்தி மகள் போன தடைக்காலத்தில்தான் மறுபடி ஆரம்பித்தாள். பழைய பெயர் திரும்பக் கிடைக்கவில்லை. ஊர்ப் பெயர் சேர்த்து வேறு பெயர் எடுத்தாள், ஐந்து வருடத்துக்கு, தன் ஆதார் கொடுத்து, தன் எண்ணில் ஓடிபி வாங்கி. வேர்ட்பிரஸில் ஒரு பக்கம். பக்கத்துத் தெருக் கல்லூரிப் பெண் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து புதுப்பித்துவிட்டு, தளத்தை மொத்தமாக ஒரு பென் டிரைவில் நகலெடுத்துக் கொடுக்கிறாள். முதல் தடவை அதை வாங்கியதும் சித்தி மகள், “இதுல நம்ம கடை முழுசா இருக்காம்மா?” என்று கேட்டாளாம். பென் டிரைவ் இப்போது நகை வைக்கும் டப்பாவில் இருக்கிறது. கணக்கு நோட்டின் முதல் பக்கத்தில், ஐஸ்காரர் எண்ணுக்கும் கூரியர்காரர் எண்ணுக்கும் கீழே, டொமைன் காலாவதியாகும் தேதியைச் சிவப்பு மையில் எழுதி வைத்திருக்கிறாள்.